காணாமல் போன வைட்னர் பாட்டில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு ஸ்கூல் புராஜெக்ட், மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். (புராஜெக்ட் என்று ஒன்று இருப்பதே ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் நமக்குத் தெரியவரும். எல்லார் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.) சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பென், வைட்னர் வாங்க அப்பனும் பிள்ளையுமாக மயூர் விஹார் மார்க்கெட்டுக்குப் போனோம். கடைக்காரர் பேனா மாதிரி இருக்கும் வைட்னரை எடுத்து வைத்தார். "பாட்டில்ல வருமே, கூடவே ஒரு சின்ன தின்னர் பாட்டிலும் தருவீங்களே, அது இல்லையா?" என்று பழைய ஞாபகத்தில் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது நின்று பல வருஷம் ஆச்சு என்றார்.

திரும்பி வரும்போது பையன் கேட்டான். "ஏம்ப்பா பாட்டிலை நிறுத்திட்டாங்க?"

"லீக் ஆகும்டா, பேக் எல்லாம் பாழாயிடும், அதான்" என்று மழுப்பினேன்.

அவன் சிரித்தான். "பொய் சொல்றீங்க. அதை மோந்து பார்த்தா போதை வரும், அதனாலதான். எங்க க்ளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

அவனுக்கு வயது 13. எட்டாம் வகுப்பு. வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதமாக, தில்லியில் பிள்ளைகள் கைக்குப் போதை எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது என்று தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளை பெற்றவர்கள் பொறுமையாகப் படிக்கவும்.

அரசாங்கமே விற்ற அபின்

போதை என்றால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் என்று நமக்கு ஒரு நினைப்பு. ஆனால் இந்த நாட்டில் அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து அபின் விற்ற காலம் உண்டு. 1857-லும் 1878-லும் வந்த அபின் சட்டங்கள் அபினை ஒழிப்பதற்காக வந்தவை இல்லை. பயிர் செய்வதையும் விற்பதையும் கைக்குள் வைத்துக்கொண்டு வருமானம் பார்ப்பதற்காக வந்தவை. இங்கிலாந்தில் எதிர்ப்பு கிளம்பியதும் 1893-ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அந்தக் கமிஷன் 1895-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியாவில் அபினை அடியோடு தடை செய்ய அவசியமில்லை என்பதுதான் அதன் சாரம். கஜானாவுக்கு வருமானம் வரும்போது கமிஷன்கள் வேறு என்ன சொல்லும்?

அந்தக் காலத்துக் கதை ஒன்று, தில்லியை விட்டுக் கொஞ்சம் விலகி. பம்பாய் நூல் ஆலைகளில் வேலை பார்த்த தாய்மார்கள், ஷிஃப்ட் முடிந்து வரும்வரை கைக்குழந்தை அழாமல் தூங்குவதற்கு 'பாலா கோலி' என்ற சின்ன அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். பாவிகள் என்று திட்டத் தோன்றுகிறது இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள். பக்கத்தில் மாமியார் கிடையாது, அம்மா கிடையாது. உருண்டையோ மலிவு. தெருமுனையிலேயே கிடைக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூன்று விஷயங்களை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவு. கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பின்னால் இது மூன்றும் திரும்பத் திரும்ப வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959 ஏப்ரல் முதல், பதிவு செய்துகொண்ட பழைய பழக்கக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு மருந்துத் தேவை இல்லாமல் அபின் விற்பது நிறுத்தப்பட்டது. 1961-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஒப்பந்தம் வந்தது. அபினும் கஞ்சாவும் படிப்படியாக ஒழிய வேண்டும் என்று அதில் கெடு வைத்தார்கள். இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. ஆனால் கஞ்சாச் செடியின் இலையை மட்டும் அந்த ஒப்பந்தம் தன் விளக்கத்தில் சேர்க்கவில்லை. ஹோலிக்கு இங்கே பாங் ஓடுவது அந்தச் சந்து வழியாகத்தான். வட இந்தியாவில் வளரும் நம் பிள்ளைகள் பலர் 'போதை' என்ற சமாசாரத்தை முதலில் பார்ப்பது திருட்டுத்தனமான இடத்தில் இல்லை. பண்டிகை நாளில், பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் முற்றத்தில்தான் பார்க்கிறார்கள்.

எழுபதுகள்: காலேஜ் வாசலில்

எழுபதுகளில் இந்தப் பேச்சு கல்லூரிகளுக்கு வந்தது. ஹிப்பிகளின் காலம். 1971-ல் தேவ் ஆனந்த் எடுத்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தைப் பார்த்துவிட்டு நாடு முழுக்கப் பெற்றோர்கள் பயந்தார்கள். பெற்றோர் சண்டையால் உடைந்த ஒரு வீட்டிலிருந்து போன பெண் போதையில் மூழ்குவதுதான் கதை. சினிமாவே ஆனாலும் காரணத்தை வீட்டுக்குள்தான் தேடியது, கவனியுங்கள்.

1976-ல் மத்திய அரசு போதைப் பழக்கம் பற்றி ஆராய ஒரு குழு போட்டது. தலைவர் டாக்டர் சி. கோபாலன். நம் சேலத்துக்காரர். சத்துணவு ஆராய்ச்சியில் பெரிய பெயர். அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1977-ல் அறிக்கை வந்தது. இந்த வேலையை ஒரு போலீஸ் அதிகாரியிடம் கொடுக்காமல் டாக்டரிடம் கொடுத்தார்களே, அதுவே பெரிய விஷயம். இது வியாதி, குற்றம் மட்டும் இல்லை என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

ஆனால் அந்த எண்ணம் வேர் பிடிப்பதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது.

ஸ்மாக் வந்த வழி

1979. ஒரே வருஷத்தில் மூன்று சம்பவங்கள். பிப்ரவரியில் ஈரானில் புரட்சி. அதே பிப்ரவரியில் பாகிஸ்தானில் ஜியா உல் ஹக் மதச் சட்டப்படி போதைப்பொருள் தடை கொண்டுவந்தார். டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தது. ஆப்கான்–பாகிஸ்தான் எல்லையில் விளைந்த அபினுக்கு மேற்கே போகும் பழைய வழிகள் குழம்பின. அபினாக மூட்டை கட்டித் தூக்கிப்போவதைவிட ஹெராயினாகக் காய்ச்சிப் பொட்டலமாக்கினால் கடத்துவது சுலபம், லாபமும் பல மடங்கு. கிழக்கே இந்தியா வழியாகப் பம்பாய், தில்லி வந்து அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

போகிற வழியெல்லாம் கொஞ்சம் சிந்தும் அல்லவா? அப்படிச் சிந்தியதுதான் எண்பதுகளின் தொடக்கத்தில் தில்லியில் 'ஸ்மாக்' என்ற பெயரில் கிடைத்தது. பிரவுன் சுகர் என்றும் சொல்வார்கள். சுத்தம் செய்யாத, கலப்படம் நிறைந்த ஹெராயின். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளில் வைத்து, அடியில் தீக்குச்சியைக் காட்டி, சுருட்டிய ரூபாய் நோட்டால் புகையை இழுப்பது. ஊசி கிடையாது, அதனால் பயமும் கிடையாது. முதல் பொட்டலம் சிநேகிதன் சும்மா கொடுப்பான். சில வாரங்களில் உடம்பு அதைக் கேட்க ஆரம்பிக்கும். கிடைக்காவிட்டால் எலும்பு முறிகிற மாதிரி வலி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், வாந்தி, பேதி. அப்புறம் அவன் இழுப்பது சந்தோஷத்துக்காக இல்லை, அந்த வலி வராமல் இருப்பதற்காக.

1982 ஆசிய விளையாட்டுக்காகத் தில்லி மேம்பாலமும் ஸ்டேடியமும் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வேலை தேடி வந்தவர்களால் ஊர் ரொம்பியது. யமுனை ஓரத்துக் குடிசைகளில் ரிக்‌ஷா இழுத்தவர்களிலிருந்து பங்களாவீட்டுக் கல்லூரிப் பையன்கள்வரை ஸ்மாக் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. காபூலில் நடந்த சண்டைக்கும் கிழக்கு தில்லியில் ஒரு பையன் வீட்டுப் பித்தளைச் சொம்பைத் திருடி விற்றதற்கும் சம்பந்தம் இருந்தது. அந்தப் பையனின் அப்பாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. "என் பிள்ளை கெட்டுப்போய்விட்டான்" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

குழந்தைகள் தினத்தில் வந்த சட்டம்

அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்த தேதி 1985 நவம்பர் 14. குழந்தைகள் தினம்! வேண்டுமென்று தேர்ந்தெடுத்த தேதியா, தற்செயலா, எப்படியோ.

கடுமையான சட்டம். பெரும்பாலான பொருள்களைக் கடத்தினால் குறைந்தபட்சமே பத்து வருஷம். கிராம் கணக்கில் பிடிபட்டவனுக்கும் கிலோ கணக்கில் கடத்தியவனுக்கும் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. 2001-ல் திருத்தம் கொண்டுவந்துதான் அளவுக்கு ஏற்ற தண்டனை என்று ஆக்கினார்கள். இன்னொரு விளைவையும் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எதை விற்றாலும் ஆபத்து என்றால், விற்பவன் எதை விற்பான்? எது சின்னப் பொட்டலத்தில் பெரிய காசு தருகிறதோ அதைத்தான்.

சட்டத்தில் ஒரு நல்ல பிரிவும் உண்டு, பலருக்குத் தெரியாது. 64-ஏ. போதைக்கு அடிமையான ஒருவர், சிறு அளவோ அல்லது தான் உபயோகித்த குற்றமோ மட்டும் இருந்து, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மேல் வழக்கு நடத்தாமல் விட வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடும். போலீஸ் பயத்தால் டாக்டரிடம் போகாமல் இருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை தில்லிக்கு முன்னால் நம்ம சென்னை வழிகாட்டியது. குடியால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே 1980-ல் ஒரு மையம் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொன்னால் சென்னைவாசிகளுக்குத் தெரியும். வசதியான, பெயர்பெற்ற குடும்பம். மூடி மறைத்திருக்கலாம். மறைக்காமல் வெளியே வந்து பேசியதால் எத்தனையோ வீடுகள் பிழைத்தன. தில்லியில் எய்ம்ஸ் 1988-ல் ஹரி நகர் தீன் தயாள் உபாத்யாயா ஆஸ்பத்திரியில் தனி மையம் தொடங்கியது. 2003-ல் அது காஜியாபாத்துக்கு இடம் மாறியது. மயூர் விஹாரிலிருந்து பெரிய தூரமில்லை. அந்த வழியாக நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், என்ன இடம் என்றுகூட விசாரித்ததில்லை. நமக்கென்ன என்ற நினைப்புதான்.

பாட்டிலின் கதை

இப்போது வைட்னருக்கு வருவோம்.

ஸ்மாக்குக்குக் காசு வேண்டும், ஆள் தெரிந்திருக்க வேண்டும். புது தில்லி ரயில்வே ஸ்டேஷனில் வந்திறங்கும் பத்து வயதுப் பையனிடம் இரண்டும் கிடையாது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் அடி தாங்காமல், பசி தாங்காமல் ரயிலேறி வந்துவிட்ட பிள்ளைகள். 1988-ல் 'சலாம் பாம்பே' படம் வந்தபின் அதையொட்டித் தொடங்கிய சலாம் பாலக் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வேலை செய்கின்றன. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தில்லிக் குளிரில் படுக்கிற பிள்ளைக்குப் பசி தெரியக்கூடாது, குளிர் தெரியக்கூடாது, பயம் தெரியக்கூடாது. எந்தச் சட்டமும் தடுக்காத, எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிற ஒரு பொருள் அதைச் செய்தது. வைட்னரும் தின்னரும். கைக்குட்டையில் ஊற்றி மூக்கில் வைத்து இழுப்பார்கள்.

தின்னரில் இருக்கும் டொலுவீன் போன்ற ரசாயனம் நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். தலை சுற்றும், மிதக்கிற மாதிரி இருக்கும், சில நிமிஷத்தில் இறங்கிவிடும். அதனால் திரும்பத் திரும்ப இழுக்கத் தோன்றும். நாளாக நாளாக மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கும். சில சமயம் முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். "ஒரே ஒரு தடவை" என்ற பேச்சுக்கே இதில் இடம் கிடையாது.

ரயில்வே ஸ்டேஷனில் இருந்த பழக்கம் பள்ளிக்கூடத்துக்கு வர ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. வைட்னர் ஏற்கெனவே ஸ்கூல் பையிலேயே இருந்ததே! எந்த அம்மாவும் பையில் வைட்னர் இருந்தால் சந்தேகப்பட மாட்டாள். சாராயம் மாதிரி ராத்திரி வரைக்கும் வாடை அடிக்காது.

2012-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பாட்டிலில் வரும் வைட்னரையும் தின்னரையும் சில்லறையில் விற்கத் தடை போட்டது. கொஞ்சமாக மட்டும் வெளிவரும் பேனா வடிவத்துக்கு அனுமதி. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்ததற்கு இதுதான் காரணம். அதே வருஷம்தான் தில்லியில் குட்காவுக்கும் தடை வந்தது.

பாட்டில் போனது. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் ட்யூப் போகவில்லை. குட்கா பாக்கெட் போனது. பான் மசாலா ஒரு பாக்கெட்டும் ஜர்தா ஒரு பாக்கெட்டுமாக வாங்கி வாயில் கலந்துகொள்கிறார்கள். மின் சிகரெட்டுக்கு 2019-ல் தடை வந்தது. அதற்காக அது மறைந்துவிட்டதா என்று உங்கள் வீட்டு ப்ளஸ் ஒன் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடையும் கொஞ்சம் பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் பொருளின் பெயரைத் துரத்திக்கொண்டே போனால் அடுத்த பெயர் வந்துகொண்டே இருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

2013-ல் தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்துக்காக எய்ம்ஸ் மையம் ஓர் ஆய்வு செய்தது. ஏற்கெனவே பழக்கம் உள்ள 4,024 பிள்ளைகளிடம் பேசினார்கள். (நாட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் இல்லை, பழக்கம் உள்ளவர்கள் மட்டும். பேப்பரில் வந்த சதவீதங்களைப் படித்துப் பலர் இதில்தான் குழம்பினார்கள்.) தொடங்கிய சராசரி வயதைப் பாருங்கள். புகையிலை 12.3. வைட்னர், பசை வகையறா 12.4. கஞ்சா 13.4. மது 13.6. ஹெராயின் அதற்கும் பின்னால். படிக்கட்டு மாதிரி வரிசையாக இருக்கிறது. முதல் படியில் பீடியும் வைட்னரும்.

பச்பன் பச்சாவ் ஆந்தோலன் அமைப்பு (கைலாஷ் சத்யார்த்தி தொடங்கியது) உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பர் 14-ல் தீர்ப்பு. ஆறு மாதத்தில் தேசிய அளவில் கணக்கெடுங்கள், நான்கு மாதத்தில் செயல்திட்டம் போடுங்கள், பள்ளிப் பாடத்தில் சேருங்கள் என்றது நீதிமன்றம். தேசியக் கணக்கெடுப்பு அறிக்கை வந்தது 2019-ல். (ஆறு மாதம் என்பது நம் அரசாங்கக் கணக்கில் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.) அதன்படி, மற்ற எல்லாப் போதையிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்ந்து இழுக்கும் வகையில் மட்டும் 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் 1.17 சதவீதம், பெரியவர்கள் 0.58 சதவீதம். உதவி தேவைப்படும் பிள்ளைகள் எண்ணிக்கையில் அதிகம் உள்ள ஐந்து மாநிலங்களில் இத்துனூண்டு தில்லியும் ஒன்று.

சரி, இதெல்லாம் தெருவில் இருக்கும் பிள்ளைகள் என்று சொல்லலாம். 2025-ல் வெளிவந்த இன்னொரு எய்ம்ஸ் ஆய்வு நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் போனது. தில்லி உட்படப் பத்து நகரங்கள், 5,920 மாணவர்கள், சராசரி வயது 14.7. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஏதோ ஒன்றை உபயோகித்தவர்கள் 15.1 சதவீதம். முந்தைய ஒரு வருஷத்துக்குள் என்றால் 10.3 சதவீதம். ஆரம்பித்த சராசரி வயது 12.9. புகையிலைக்கும் மதுவுக்கும் அடுத்த இடத்தில் கஞ்சா இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை வகைகள்தான்.

நாற்பது பேர் வகுப்பில் ஆறு பேர். என் பையன் "எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னது மிகையில்லை.

மாறாத காரணங்கள்

நூறு வருஷத்தில் பொருள் மாறிக்கொண்டே வந்தது. அபின், கஞ்சா, ஸ்மாக், வைட்னர், மாத்திரை. காரணங்கள் அப்படியே இருக்கின்றன. பாலா கோலிக்கு நான் சொன்ன மூன்றையும் இப்போது எடுத்துப் பாருங்கள்.

முதலாவது, மலிவு. பாக்கெட் மணிக்குள் அடங்குகிற எதுவும் பிள்ளைகளுக்கு எட்டும்.

இரண்டாவது, அருகில் கிடைப்பது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 18 வயதுக்குள் உள்ளவருக்கு எங்கேயுமே விற்கக்கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. பிள்ளையிடம் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருஷம்வரை கடுங்காவல் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பத்து நகர ஆய்வில், தங்கள் வயதுப் பிள்ளைக்குப் புகையிலை சுலபமாகக் கிடைக்கும் என்று கிட்டத்தட்டப் பாதி மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நூறு கஜத்தை அளந்து பார்க்கும் வேலையை நாம் யாரும் செய்வதில்லை.

மூன்றாவது, வீடு. ஆள் இல்லாத வீடு ஒரு பக்கம். ஆள் இருந்தும் உதாரணம் சரியில்லாத வீடு இன்னொரு பக்கம். அதே ஆய்வில் ஏறக்குறைய 40 சதவீத மாணவர்கள், வீட்டில் யாரோ ஒருவருக்குப் புகையிலையோ மதுவோ பழக்கம் உண்டு என்றார்கள். பழக்கம் உள்ள பிள்ளைகளிடம் மனக்கஷ்டமும் நடத்தைச் சிக்கல்களும் மற்றவர்களைவிட அதிகம் என்றும் வந்தது. படிக்க முடியாதது, மார்க் பயம், கிண்டல், யாரும் தன்னைச் சேர்த்துக்கொள்ளாதது. இந்தப் பாரத்தோடு நிற்கிற பிள்ளையிடம் "எங்ககூட வா" என்று முதலில் சொல்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கதை போகிறது. பதிமூன்று வயது மூளையில் ஆசைப்படும் பகுதி ஓடுகிற வேகத்துக்கு, நிறுத்திப்பிடிக்கும் பகுதி இன்னும் வளர்ந்திருக்காது. அது முழுசாக வளர இருபது வயது தாண்ட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆக்ஸிலேட்டர் உண்டு, பிரேக் இன்னும் பொருத்தவில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். இப்படி ஒரு பழக்கம் இருந்தால் கேட்கும்போது மறைத்துவிடுவோம் என்று அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதாவது மேலே சொன்ன கணக்கே குறைவானதாக இருக்கலாம். அதைவிட முக்கியம், பிள்ளைகள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

நம் வீடுகள்

வெளியூரில் வாழும் நமக்கு ஒரு தைரியம் உண்டு. நம்ம பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகள், சனிக்கிழமை பாட்டு க்ளாஸ், ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர், அப்படியெல்லாம் போகாது என்று. ஆனால் ஊரில் நான் வளர்ந்தபோது தெருவில் நான்கு பெரியப்பாக்கள் இருந்தார்கள். பீடிக் கடைப் பக்கம் நின்றாலே நான் வீடு சேர்வதற்குள் செய்தி வீடு சேர்ந்துவிடும். இங்கே பதினோராவது மாடியில், எதிர் ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வருகிறோம். பையன் இரண்டரை மணிக்கே வந்துவிடுகிறான். இடையில் நாலரை மணி நேரம். பம்பாய் ஆலைத் தாய்மாரை நான் திட்ட முடியாததற்குக் காரணம் இந்த நாலரை மணி நேரம்தான். நாம் உருண்டைக்குப் பதில் செல்போன் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

"பேசாம ஊர்ல பாட்டி வீட்ல விட்டுட்டாத் தேவலை" என்றாள் தங்கமணி, இதையெல்லாம் படித்துக் காட்டியபோது. ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? 'கூல் லிப்' என்கிற புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் பரவியிருப்பது பற்றி 2024-ல் நம் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே கவலைப்பட்டுப் பேசியது. ஓடி ஒளிய ஊர் கிடையாது.

செய்யக்கூடியது என்ன என்றால், எனக்குத் தெரிந்தவரை சிலதுதான். பிள்ளையின் சிநேகிதர்கள் பெயரும் அவர்கள் வீட்டு நம்பரும் நமக்குத் தெரிய வேண்டும். திடீரென்று மார்க் குறைவது, பழைய நண்பர்களை விடுவது, தூக்கம் மாறுவது, காசு காணாமல் போவது, துணியில் பெயின்ட், தின்னர் வாடை. இதில் எதுவும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது, ஆனால் பேச்சைத் தொடங்கப் போதும். சந்தேகம் இருந்தால் 14446 என்ற அரசாங்க இலவச எண்ணில் கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போவது அவமானம் இல்லை. காய்ச்சலுக்குப் போகிறோமே, அந்த மாதிரி. மருந்தும் கவுன்சலிங்கும் இருக்கிறது, மீண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சீக்கிரம் போனால் சீக்கிரம் மீளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். "லீக் ஆகும்டா" என்று நான் சொன்ன மாதிரி.

நேற்று ராத்திரி பையனை உட்காரவைத்து அதைச் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்தான்டா. எனக்கும் காரணம் சரியாத் தெரியாது. இப்ப படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன்" என்று பாட்டில் கதை முழுவதையும் சொன்னேன். ஸ்டேஷன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது அமைதியாகக் கேட்டான். கடைசியில், "சனிக்கிழமை நீங்களும் மூர்த்தி மாமாவும் பால்கனில குடிக்கிறீங்களே, அது?" என்றான்.

உடனே பதில் வரவில்லை. பெரியவர்களுக்கு அது சட்டப்படி சரி, அளவோடு, என்று வாய்வரை வந்தது. அதுவும் இன்னொரு "லீக் ஆகும்" மாதிரியே எனக்குப் பட்டது. "அதுவும் போதைதான். நீ பார்க்கிற இடத்துல நான் அதைச் செஞ்சிருக்கக் கூடாது. நிறுத்தப் பார்க்கறேன். சுலபமா நிறுத்த முடியலைன்னா அதையும் உன்கிட்ட சொல்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் தலையணை உறையைத் திருகிக்கொண்டிருந்தான். அப்புறம், "அப்பா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?" என்றான்.

திட்ட மாட்டேன் என்றேன். சொன்னான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவனுக்கும் எனக்கும் நடுவில். இன்று காலை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு அப்பாவைப் பார்த்துப் பேச வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.